‘ரெண்டு நிமிசம்’ பிள்ளையைக் காருக்குள் விட்டுப் போகலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி
ஏப்ரல் 2, மாலை 6.10

வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு நாலரை வயது. நேற்று மத்தியானம் காலி வீதியில் காரை ஓரமாக நிப்பாட்டி, பாமசியில் ஒரே ஒரு பாணி மருந்து வாங்க இறங்கினேன். மகள் பின்சீட்டில் அரைத்தூக்கம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் யாரோ ஒரு அம்மா கார் பக்கத்தில் நின்று சிங்களத்தில் பேசித் தீர்த்துவிட்டார். வீட்டில் வந்து சொன்னால் மாமியும் அந்த அம்மா பக்கம். இவரோ "ரெண்டு நிமிசத்தில என்ன ஆகப்போகுது" என்கிறார். அவ்வளவு பெரிய குற்றமா இது? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 2, இரவு 9.35

தங்கச்சி, நானும் ஒரு அம்மா. குற்றமா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ரெண்டு நிமிசத்தைப் பிடிப்போம்.

காலி வீதியில் எந்தப் பாமசியிலாவது பின்னேரம் போய் நின்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு ஐயா பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாவற்றுக்கும் ஒரு மாதத் துண்டோடு நிற்பார். கவுண்டரில் நிற்கிற பிள்ளை அட்டையை எடுத்து, குளிசைகளை எண்ணிக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் கடதாசி உறைக்குள் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனையால் எழுதி, வாயை மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும். அடுத்த அட்டை. நடுவில் ஐயாவுக்குச் சந்தேகம் வரும்: "போன மாசம் இது வெள்ளையா இருந்ததே, இப்ப ஏன் மஞ்சள்?" நியாயமான கேள்வி. மருந்து விசயத்தில் அதைக் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் காசைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். வெளியே பொலிஸ்காரர் வந்து காரை எடுக்கச் சொன்னால் அது வேறு கதை.

இதில் யாரையும் பிழை சொல்ல முடியாது. கடைக்குள் கால் வைத்த பிறகு நேரம் உங்களுடையது இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு மகள் பத்து வயது, மகன் மூன்று. மகளைச் சில இடங்களில் காரில் விட்டுப் போவேன். மகனை விடமாட்டேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன், பாத்திரம் கிடக்கிறது.

ஏப்ரல் 2, இரவு 10.50

கண்ணாடி பற்றி. "கொஞ்சம் இறக்கிவிட்டால் காற்று வரும்தானே" என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். வரும், போதாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆட்கள் இதை அளந்தே பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த வெயில் நாட்களில், பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் 80 வீதம் முதல் அரை மணிக்குள்ளேயே. கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள். சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

கொழும்பில் வெளியே 31 என்று வையுங்கள். மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள்.

ஏப்ரல் 3, காலை 6.20

தெஹிவளை அண்ணா ஒருவர் "அமெரிக்கன் கார் வேற, எங்கட ஜப்பான் கார் வேற" என்று எழுதியிருக்கிறார். சரி, ஜப்பானுக்கே போவோம். அங்கே வாகன உரிமையாளர் சம்மேளனமான ஜாஃப் கோடையில் ஒரு சோதனை செய்தது. வெளியே 35 டிகிரி, கார்களுக்குள் 25இல் தொடக்கம். பூட்டிய கறுப்புக் காருக்குள் 57 வரை போனது, வெள்ளைக் காருக்குள் 52 வரை. எஞ்சினை நிறுத்திப் பதினைந்து நிமிடத்தில், உடலுக்கு ஆபத்து என்று அவர்கள் வைத்திருக்கிற அளவை உள்வெப்பம் தொட்டுவிட்டது. வெள்ளைக் கார் வாங்கியவர்கள் சந்தோசப்பட அந்த ஐந்து டிகிரிதான்.

ஆனால் இரவு படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று. இந்த எண்களெல்லாம் பதினைந்து நிமிடம், அரை மணி, ஒரு மணி. கேட்ட தங்கச்சி கேட்டது ரெண்டு நிமிசம். ஏசியில் குளிர்ந்திருந்த காருக்குள் சுகமாக இருக்கிற நாலரை வயதுப் பிள்ளைக்கு ரெண்டு நிமிசத்தில் வெக்கையால் உயிர் போகாது. இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நானும் அந்தக் கார்ப்பக்க அம்மா மாதிரித்தான் கத்துகிறேன். என் பயம் ரெண்டு நிமிசத்தில் இல்லை. ரெண்டு பன்னிரண்டாவதில்.

ஏப்ரல் 3, பகல் 1.15

"ஏசியைப் போட்டுவிட்டுப் போனால் என்ன?"

இதுதான் கொழும்பில் அதிகம் நடக்கிறது. சூப்பர் மார்க்கெட் வாசலில் பாருங்கள், வரிசையில் நாலில் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கும், உள்ளே ஒரு சின்னத் தலை, கையில் போன். வெக்கைப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். என்னிடம் இருப்பது டொயோட்டா அக்குவா, பற்றரியும் எஞ்சினும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் கார். சாவி தேவையில்லை, பட்டனை அமுக்கினால் ஓடும். அதே பட்டனை யார் அமுக்கினாலும் நிற்கும். ஒருநாள் தெமட்டகொடையில் ரயில்வே கேட் பூட்டியிருந்தபோது கியரைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு இருந்தேன். மகன் பெல்ட்டை எப்படியோ கழற்றி முன்னால் எம்பி வந்து, வெளிச்சமாக இருக்கிறதே என்று அந்தப் பட்டனை ஒரே அமுக்கு. டாஷ்போர்ட் இருண்டது, ஏசி செத்தது. நான் பக்கத்தில் இருந்தேன், திட்டிவிட்டுத் திரும்பப் போட்டேன். நான் கடைக்குள் நின்றிருந்தால்? அவனுக்குத் திரும்பப் போடத் தெரியாது. கார் முழுதாக நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் பவர் கண்ணாடியும் இறங்காது. பின்கதவில் சைல்ட் லொக் போட்டிருக்கிறேன், அதுவும் உள்ளேயிருந்து திறக்காது. பாதுகாப்புக்கென்று நானே செய்து வைத்ததெல்லாம் சேர்ந்து அவனை உள்ளே அடைத்திருக்கும்.

ஓடுகிற கார் என்றால் களவு போவதற்கும் சுகம். காரை எடுக்கிறவன் பின்சீட்டைப் பார்த்துவிட்டா எடுப்பான்?

ஏப்ரல் 3, பகல் 1.50

"எங்கட சுசுகி வேகன் ஆரில ஏசி வேற மாதிரித்தானே" என்று எழுதியவருக்கு: ஓம், உங்களுடையது வேறு. அக்குவா, பிரியஸ் இரண்டிலும் ஏசி பெரிய பற்றரியில் ஓடும், எஞ்சின் அணைந்தாலும் குளிரும். வேகன் ஆரில் சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும்போது ஏசி கொம்பிரசரும் நிற்கும், குளிரைப் பிடித்து வைக்கும் ஒரு ஏற்பாட்டால் கொஞ்ச நேரம் சமாளிக்கும். பிள்ளை விசயத்தில் ஒன்றும் மாறவில்லை. கார் விசயத்துக்குப் போய்விட்டால் நாங்கள் எல்லோரும் மெக்கானிக்மார்.

ஏப்ரல் 4, காலை 11.05

இன்றைக்கு வெளியே நின்று பார்த்தீர்களா? நிழல் காலுக்கடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும். வளிமண்டலவியல் திணைக்களம் வருசா வருசம் ஊர்ப் பெயரோடு அறிவிக்கும். கேள்வி வந்திருப்பது வருசத்திலேயே மோசமான கிழமையில். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை இப்படி வரும்.

"மரைன் டிரைவில் நிழலில்தான் விடுவேன், கடல் காற்று" என்கிறவருக்கு. நிழலையும் அளந்திருக்கிறார்கள், 2018இல் அரிசோனாவில், 38 டிகிரிக்கு மேல் கொதிக்கிற நாட்களில். வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி, நிழலில் நின்றதற்குள் 38. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அவர்கள் இரண்டு வயதுப் பிள்ளையின் உடலைக் கணக்கில் வைத்துப் பார்த்தபோது, உள்ளுடல் வெப்பம் 40ஐத் தொட வெயிலில் ஒரு மணி நேரம், நிழலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வந்தது. நிழல் நேரத்தைக் கூட்டித் தருகிறதே தவிர ஆபத்தை எடுத்துவிடவில்லை. அதுவும் அது பாலைவனம், காய்ந்த காற்று, வியர்த்தால் உலரும். எங்கள் ஊரில் உடுப்பே உலராது.

சின்னப் பிள்ளையின் உடல் பெரியவர்களை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். உங்களுக்கு வியர்த்துச் சரியாகிற நேரத்தில் அதற்கு முகம் சிவந்துவிடும்.

கடல் காற்று கண்ணாடி பூட்டிய காருக்குள் வராது, அண்ணா. வடை வாசம்கூட வராது.

ஏப்ரல் 4, இரவு 10.20

"எங்கட காலத்தில எல்லாரும் காருக்குள்ளதான் இருந்தோம், ஒண்டும் ஆகேல்ல." எதிர்பார்த்தேன், வந்துவிட்டது.

நானும் இருந்திருக்கிறேன். அப்பாவிடம் பழைய மொரிஸ் மைனர். புறக்கோட்டையில் இரும்புக்கடைப் பக்கம் நிப்பாட்டிவிட்டு ஆணி, பெயின்ட் என்று போனால் வர எத்தனை மணியாகும் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் மூன்று பேர் உள்ளே சண்டை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலு கண்ணாடியும் கீழே. பூட்டு என்ற சாமானே வேலை செய்யாது. வெக்கையாக இருந்தால் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை நானே இறக்குவேன், அதிகம் போனால் கதவைத் திறந்து படியில் இருப்பேன். வண்டில் தள்ளுகிற நாட்டாமிமார் போகிற வழியில் "பாப்பா, காலை உள்ள வை" என்று அதட்டிவிட்டுப் போவார்கள். தெரு முழுக்கக் கண். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவை விடக் கண்டிப்பு.

அந்தக் காரும் இந்தக் காரும் ஒன்றில்லை. இன்றைக்கு இருப்பது காற்றுப் புகாத பெட்டி, கறுப்பு டின்ட் வேறு. உள்ளே பிள்ளை இருப்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. அப்பாவின் பழக்கத்தை எடுத்துக்கொண்டோம், அப்பாவின் காரை எடுக்கவில்லை.

(அந்த மொரிஸ் மைனர் பிறகு தெமட்டகொடைப் பக்கம் ஒருவருக்குப் போனது. இன்னும் ஓடுவதாகக் கேள்வி. கண்டவர்கள் எழுதுங்கள், அது தனி இழைக்கே காணும்.)

ஏப்ரல் 5, பிற்பகல் 3.30

பெற்றோல் வரிசையை யாரோ ஞாபகப்படுத்திவிட்டீர்கள். 2022இல் எங்கள் பிள்ளைகள் காருக்குள் இருந்த நேரத்துக்கு எந்த நாட்டு ஆராய்ச்சியும் காணாது. கிலோமீற்றர் கணக்கில் வரிசை, எஞ்சின் போட முடியாது, போட்டால் இருக்கிற பெற்றோலும் போய்விடும். மகளுக்கு அப்போது ஆறேழு வயது. ஹோம்வேர்க் முழுக்க ஸ்டியரிங்கில் வைத்துத்தான் செய்தாள். வரிசையில் நின்ற வயதானவர்கள் செத்த செய்தியெல்லாம் அந்த மார்ச் மாதத்தில் வந்ததுதானே. ஆனால் அங்கே பிள்ளைகள் தனியே இல்லை. நாலு கதவும் திறந்து கிடக்கும், முன் காரில் ஒரு மாமா, பின் காரில் ஒரு அன்ரி, யாரோ இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். ஜூலையில் பெற்றோலைப் பங்கு போட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்த பிறகு அந்த ஊரே கலைந்துபோனது.

இழைக்குத் திரும்புகிறேன்.

ஏப்ரல் 6, இரவு 8.15

"இப்படியான தாய்மாரை உள்ள போடவேணும்" என்று எழுதியவருக்கு.

2016இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்து உளவியல்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். பிள்ளை தனியே இருந்த கதைகளை ஆட்களுக்குக் கொடுத்து, எவ்வளவு ஆபத்து என்று புள்ளி போடச் சொன்னார்கள். ஒரே பிள்ளை, ஒரே இடம், ஒரே நேர அளவு. மாற்றியது அம்மா ஏன் போனாள் என்பதை மட்டும். வாகனம் அடித்து மயங்கிக் கிடந்ததால் வர முடியவில்லை என்றால் ஆபத்துக் குறைவு என்று போட்டார்கள். வேலைக்குப் போனாள் என்றால் அதைவிட அதிகம். கள்ளக் காதலனைப் பார்க்கப் போனாள் என்றால் இன்னும் அதிகம். வெயிலுக்குத் தெரியுமா அம்மா யாரைப் பார்க்கப் போனாள் என்று?

இதில் இன்னொன்று. அப்பா வேலைக்காக விட்டுப் போன கதைக்கு, தற்செயலாக நடந்ததற்குப் போட்ட அளவு புள்ளிதான். அம்மா அதே வேலைக்குப் போனால் புள்ளி ஏறியது. தங்கச்சி, உங்கள் அவர் அதே பாமசிக்குப் போயிருந்தால் அந்த அம்மா நின்று பேசியிருப்பாரா? "பாவம், மருந்து வாங்க வந்திருக்கிறார்" என்று பிள்ளைக்குக் கையைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்.

சட்டம் கேட்டவருக்கு. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்த்த 308அ பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர், துன்பமோ உடல்நலக் கேடோ வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்று கவனிக்காமல் விட்டாலோ கைவிட்டாலோ குற்றம். கார் என்றோ நிமிடம் என்றோ அதில் எழுதவில்லை. பிரித்தானியாவிலும் வயதெல்லை இல்லை, ஆபத்து வரும்படி தனியே விட்டால்தான் குற்றம். அமெரிக்காவின் யூட்டா மாநிலமோ 2018இல் நேர் எதிராகப் போய், வயதும் விபரமும் உள்ள பிள்ளையைக் காரில் விட்டதை மட்டும் வைத்து, பெற்றோர் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது என்று சட்டமே போட்டது.

அதற்காக அந்த அம்மா தேவையில்லாத ஆள் என்று சொல்லவில்லை. கத்தாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவரைப் போல ஆள் கிடையாது.

ஏப்ரல் 7, காலை 5.50

நான் உண்மையில் எழுத நினைத்தது இது. ஆறு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அமெரிக்காவில் காருக்குள் வெக்கையில் சாகிற பிள்ளைகள் வருசத்துக்குச் சராசரியாக 37. 1998இல் இருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் "ரெண்டு நிமிசம்" என்று தெரிந்தே விட்டுப் போனவை ஐந்தில் ஒன்று அளவுதான். பாதிக்கு மேல் மறந்துபோய் விட்டவை. கால்வாசி, பிள்ளை தானாக ஏறி அகப்பட்டவை. நாங்கள் சண்டை பிடிப்பது சின்னப் பங்கைப் பற்றி.

"பெத்த பிள்ளையை யாராவது மறப்பாங்களா?" மறப்பார்கள். தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் டயமண்ட் என்ற மூளை ஆராய்ச்சியாளர் இதைத்தான் வருசக்கணக்காகப் பார்க்கிறார். தினம் போகிற பாதையை மூளையின் ஒரு பகுதி நாங்கள் யோசிக்காமலே ஓட்டிவிடும். "இன்றைக்கு வழியில் பிள்ளையை இறக்க வேண்டும்" என்பதை வைத்திருப்பது வேறு பகுதி. தூக்கம் இல்லை, மண்டைக்குள் வேறு யோசனை, வழமை மாறிய நாள் என்றால் முதலாவது இரண்டாவதை அமத்திவிடும். அன்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விபத்தில் விரிகிற காற்றுப்பைக்குப் பயந்து தொண்ணூறுகளில் குழந்தைகளைப் பின்சீட்டுக்கு மாற்றிய பிறகு அங்கே இது கூடியது. விபத்தில் காப்பாற்றச் செய்த சரியான வேலைதான், ஆனால் கைக்குழந்தையின் சீட் பின்னால் பார்த்துத் திரும்பி இருக்கும், முன்னால் இருப்பவருக்கு முகம் தெரியாது, தூங்கினால் சத்தமும் இல்லை.

காலி வீதியால் ஒவ்வொரு நாளும் கோட்டைக்கு ஓடுகிற எங்கள் வீட்டு ஆண்களை நினைத்துப் பாருங்கள். அம்மாதான் வழமையாக டேகெயாரில் விடுவாள். அம்மாவுக்குக் காய்ச்சல். "இண்டைக்கு நீங்க விட்டுட்டுப் போங்க." பிள்ளை பம்பலப்பிட்டி வருமுன் தூக்கம். ஒஃபிசில் இருந்து போன் வருகிறது. பயப்பட வேண்டியது இந்தக் காலையைத்தான். இதற்கு யாரும் மற்றவரைத் திட்டுவதில்லை, ஏனென்றால் யாரும் தன்னைப் பற்றி அப்படி நினைப்பதில்லை.

செய்யக்கூடியது: எங்கள் வீட்டில் இவர் மகனைக் கொண்டுபோகிற நாட்களில் லப்டொப் பையைப் பின்சீட்டில் பிள்ளையின் காலடியில் வைக்கிறார், அது இல்லாமல் ஒஃபிசுக்குள் போக முடியாது. டேகெயாரில் மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறோம், எட்டரைக்குள் பிள்ளை வராவிட்டால், நாங்கள் சொல்லியிருக்காவிட்டால், உடனே போன். முதலில் "எல்லாப் பெற்றோருக்கும் எடுக்க ஏலாது அக்கா" என்றார். இப்போது எல்லோருக்கும் எடுக்கிறார்.

ஏப்ரல் 7, இரவு 9.00

ஸ்கூல் வான் பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான். ஜப்பானில் 2021இல் ஃபுகுவோகாவிலும் 2022இல் ஷிசுவோகாவிலும் பாலர் பள்ளி பஸ்ஸுக்குள் விடுபட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பிறகு 2023 ஏப்ரலில் இருந்து அப்படியான பஸ்களில் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதில் ஒரு வகையில், டிரைவர் கடைசி சீட் வரை நடந்து போய் பட்டனை அமுக்கினால்தான் சத்தம் நிற்கும். தென் கொரியாவும் 2018இல் ஒரு பிள்ளையை இப்படி இழந்த பிறகுதான் அதே மாதிரிச் சட்டத்துக்குப் போனது.

எங்கள் வான் அங்கிளிடம் கருவி எதுவும் இல்லை, தண்ணிப் போத்தல் இருக்கிறது. ஒவ்வொரு ட்ரிப் முடிய அவர் கடைசி சீட் வரை குனிந்து தேடுவார், போத்தல் தொலைந்தால் அம்மாமார் அவரைத்தான் பிடிப்போம். போன தவணை, இரண்டாம் வகுப்புக்காரன் ஒருவன் சீட்டுக்கடியில் பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு படுத்திருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். போத்தலை மறந்துவிட்டு வருகிற பிள்ளைகளை இனித் திட்டாதீர்கள்.

ஏப்ரல் 9, பகல் 12.30

தானாக ஏறி அகப்படுகிற கால்வாசியை விட்டுவிட்டேன். வெள்ளவத்தை அப்பார்ட்மென்ட்காரர்கள் கவனியுங்கள். கீழே பார்க்கிங்கில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும், நகர்த்துவதற்காகச் சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்து வைப்போம். கதவு பெரும்பாலும் பூட்டாமல் கிடக்கும். லீவு நாளில் பிள்ளைகள் அங்கேதான் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார்கள். காரை வீட்டில் விட்டாலும் பூட்டுங்கள், டிக்கியையும் பாருங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கிற இடங்கள், அடுத்தது கார்கள். மொட்டை மாடி பிறகு.

எங்கள் பில்டிங்கில் இதைக் கூட்டத்தில் சொன்னேன். பராமரிப்புக் கட்டணம் பற்றிய சண்டையில் அமுங்கிவிட்டது. செக்யூரிட்டி ஐயா மட்டும் கேட்டுக்கொண்டார், இப்போது அவரே கைப்பிடிகளை இழுத்துப் பார்க்கிறார்.

ஏப்ரல் 10, இரவு 7.45

பூட்டிய காருக்குள் பிள்ளையைக் கண்டால் என்ன செய்வது?

முதலில் சுற்றிப் பாருங்கள். சொல்கிறேன் ஏன் என்று. கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைப் பார்க்கிங்கில் பெரிய வான், உள்ளே பொடியன், பெரியவர்கள் யாரும் இல்லை. நான் கண்ணாடியில் தட்டுகிறேன், கைப்பிடியை இழுக்கிறேன், அவன் போனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, வாகன இலக்கத்தைச் சொல்லிக் கடைக்குள் மைக்கில் அறிவிக்கவும் வைத்துவிட்டேன். மரத்துக்குப் பின்னால் இருந்து ஒருவர் சிகரெட்டை மறைத்துக்கொண்டு வருகிறார்: "மிஸ், நான் இங்கதான் நிக்கிறன். ஏசி போட்டிருக்கு, ரிமோட் கையில." டிரைவர். அவர் நின்ற இடத்தில் இருந்து பிள்ளை நன்றாகவே தெரியும். உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மாதான் பாவம், பில் போட்ட சாமானை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆள் யாரும் இல்லை, பிள்ளை கூப்பிட்டால் பார்க்கவில்லை, துவண்டிருக்கிறது, முகம் சிவந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். நாலு கதவையும் இழுத்துப் பாருங்கள். ஒருவர் 1990க்கு எடுக்கட்டும், சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. பொலிசுக்கு 119. திறக்கவில்லை என்றால் பிள்ளை இருக்கிற இடத்துக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். நடுவில் அடித்தால் கை வலிக்கும். முன் கண்ணாடியில் அடிக்காதீர்கள், அது இரண்டு அடுக்கு, வெடிக்குமே தவிர விழாது. எடுத்தவுடன் நிழல், உடுப்பைக் கழற்றுவது, உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறுவது. மயக்கத்தில் இருக்கிற பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பிள்ளையை இப்படி விடுவது ஒரு வீட்டில் வழக்கமாகவே நடக்கிறது என்றால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. ஒருதரம் மருந்து வாங்கப் போன அம்மாவுக்கு அது தேவையில்லை.

ஏப்ரல் 12, காலை 10.10

வருசப்பிறப்புச் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போகிறவர்களுக்கு: பிள்ளைகளை வீட்டில் அம்மம்மாவிடம் விடுங்கள். அந்தச் சனத்துக்குள் காரில் விட்டாலும் ஆபத்து, கூட்டிக்கொண்டு போனாலும் ஆபத்து.

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப வந்து "அக்கா, கடைசியில விடலாமா விடக்கூடாதா, ஒரு வரியில சொல்லுங்க" என்கிறார். நாலரை வயதை விடாதீர்கள். தூங்குகிற பிள்ளையை எந்த வயதிலும் விடாதீர்கள். என் மகளை நான் விடுவது அவளுக்குக் கதவைத் திறக்கத் தெரியும், ஹோன் அடிக்கத் தெரியும், வெக்கையாக இருந்தால் இறங்கி எந்தக் கடைக்குள் வர வேண்டும் என்று தெரியும் என்பதால். கார் எனக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். காலையிலோ பொழுதுபட்ட பிறகோ. வாங்குவது என்ன என்பதும் கணக்கு. பாமசி ஒருபோதும் இல்லை, பெற்றோல் ஷெட்டில் காசு கொடுக்க என்றால் ஓம்.

இன்னொன்று. வெயிலுக்குள் தூக்கம் கலைந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு காலி வீதியைக் கடப்பதும் ஆபத்துத்தான். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் பாமசிப் பக்கத்திலேயே, அதே நேரத்தில், மூன்று பேர் கைக்குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள், யாரும் நிப்பாட்டித் திட்டவில்லை. பிள்ளைக்கான சீட் இருந்தால் விபத்தில் சாவு குறைந்தது 60 வீதம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொழும்பில் எத்தனை காரில் அந்தச் சீட் இருக்கிறது? என் மாமி இன்னும் "மடியில வைச்சா பிள்ளை பயப்படாது" என்கிறார். அந்தச் சண்டை எங்கள் வீட்டில் முடியவில்லை.

மருந்துக்குப் போன் பண்ணுங்கள், துண்டை வட்ஸ்அப்பில் அனுப்பினால் பொடியன் வாசலுக்குக் கொண்டுவருகிறான். பாணுக்கு இறங்குவதாக எழுதிய இன்னொருவருக்கு: சூன் பாண் ஓட்டோ உங்கள் லேனுக்கே பாட்டோடு வரும்போது கார் எதற்கு?

ஏப்ரல் 17, இரவு 9.20

புது வாகனம் இறக்கலாம் என்று 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு பலர் வாங்குகிறீர்கள், அதனால் கடைசியாக வந்த கேள்விக்குப் பதில். "பின்சீட்டைப் பார்" என்று டாஷ்போர்டில் காட்டுகிற வசதி இரண்டு வகை. ஒன்று கதவுக் கணக்கு: புறப்படும் முன் பின்கதவு திறந்து பூட்டப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கும். பின்னால் இருப்பது பிள்ளையா, பலசரக்கா என்று அதற்குத் தெரியாது. நடுவில் பெற்றோல் அடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறக்காமல் திரும்பப் புறப்பட்டால், போய்ச் சேரும்போது சிலதில் அது சொல்லவே சொல்லாது. மற்றது உள்ளே உணரி வைத்து, மூச்சையும் அசைவையும் பிடிப்பது. ஐரோப்பாவின் யூரோ என்கப் பாதுகாப்புச் சோதனையில் 2023இல் இருந்து பிள்ளையைக் கண்டுபிடிக்கும் வசதிக்குப் புள்ளி உண்டு. இத்தாலி அதற்கும் முன்னால், 2019இலேயே, நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சீட்டில் மறதி எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கிவிட்டது. விற்கிறவர் "எல்லாம் இருக்கு மிஸ்" என்றுதான் சொல்வார். எந்த வகை என்று கேளுங்கள். பின்சீட்டில் ஒரு அரிசிப் பையை வைத்து அவர் முன்னாலேயே ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.